நிவித்திகலயில் கேட்ட இருபத்திரண்டு நிமிட நட்சத்திரம்

வெள்ளவத்தை வீட்டு மொட்டைமாடியில் ஆண்டெனாவை வைத்தால் பக்கத்து வீட்டு மிக்சிகூடக் கேட்கிறது. அதனால்தான் ஏப்ரல் விடுமுறையில், ஒரு சனிக்கிழமை, நிவித்திகலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன்.

தேடியது கடுமையான காந்தம் கொண்ட நியூத்திரன் நட்சத்திரத்தை. இவை பெரும்பாலும் சில விநாடிகளில் ஒரு சுற்று முடித்துவிடும். நிமிடக்கணக்கில் சோம்பலாகச் சுற்றுபவையும் இருக்கலாம், விண்வெளியிலிருந்து திரும்பத் திரும்ப வரும் வானொலி வெடிப்புகள் சில அவற்றின் வேலையாக இருக்கலாம் என்கிறார்கள். நமது பால்வீதிக்குள் பெரிதாக ஒன்று வெடித்தால் என் தகரக் கூம்பு ஆண்டெனாவுக்கும் கேட்கும். இதுவரை கேட்கவில்லை.

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்கு பஸ்ஸில் மூன்றரை மணி நேரம், அங்கிருந்து நிவித்திகலவுக்கு இன்னும் ஒரு மணி. பிறகு செல்வம் என்பவரின் த்ரீவீல் ஆட்டோவில் ஆறு கிலோமீற்றர், எண்ணூறு ரூபாய். கூம்பைப் பார்த்ததும் மாணிக்கக்கல் தேடும் மெஷினா என்று கேட்டார். நட்சத்திரம் தேடுவது என்றேன். எல்லாரும் முதலில் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள் என்றார்.

தோட்டத்து மேலாளரான துரை அனுமதித்த இடம் புஷ்பம் அக்காவின் கடைக்குப் பின்னாலிருந்த பாறை. காலை 10.12க்கு ஸ்பீக்கரில் ஒரு வெடிப்பு. 10.34க்கு அடுத்தது. 10.56க்கு மூன்றாவது. உடனே வானியல் நண்பர்கள் குழுவுக்குச் செய்தி அனுப்பினேன். வாழ்த்துகள் குவிந்தன. 11.18க்கு நான்காவது வந்தபோது, கடையில் காத்திருந்த செல்வம் வந்து தோளைத் தொட்டார்.

"சேர், இந்தச் சத்தம் வர்றப்பல்லாம் அக்கா கடை பல்பு மங்குதுங்க."

உள்ளே ஐஸ்கிரீம் ஃபிரிட்ஜின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. குழுவுக்கு "ஃபிரிட்ஜ்" என்று ஒரே சொல் அனுப்பிவிட்டு போனை அணைத்தேன்.

அக்கா விவரம் கேட்டார். வெட்கத்தோடு சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு பிளக்கைப் பிடுங்கினார்.

"நீங்க கேளுங்க சேர். ஐஸ்கிரீம் கரையிறத லயத்து வீட்டுப் புள்ளைங்க பாத்துக்கும்."

பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். செல்வமும் இரண்டு பார்த்துக்கொண்டார். இரண்டு மணி நேரம் கேட்டேன். எதுவும் வரவில்லை. அது எவ்வளவு தூரத்திலிருந்து வரவேண்டும் என்று அக்கா கேட்டார். பல்லாயிரம் ஒளியாண்டு, அதாவது ஒளியே வந்துசேர அத்தனை ஆயிரம் வருடம் என்றேன்.

"அப்ப ரெண்டு மணி நேரம் எப்படிங்க பத்தும்? நாளைக்கும் ஆஃப் பண்றேன், இருந்து கேளுங்க."

இருந்தேன். ஞாயிறும் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் அவ்வளவு சுத்தமான அமைதியை நான் வேறெங்கும் பதிவு செய்ததில்லை.

போகிறவர்கள் அட்டைக்கடிக்குக் காலில் பூசச் சவர்க்காரம் எடுத்துப் போங்கள். பிற்பகல் இரண்டுக்கு மேல் மழை. நட்சத்திரம் என்று ஊருக்கு அறிவிக்கும் முன், பக்கத்தில் ஓடும் மோட்டாரை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். கேட்டால் நிறுத்துவார்கள்.