மணி அடித்தால் வண்டி நிற்கும்

மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், தீக்காய வார்டில் நர்ஸாக இருக்கிறேன். 1963 மே மாதம் எனக்குத் தூக்கம் போய்விட்டது. சாப்பாடு இறங்கவில்லை. ஜெபமாலையைக் கையில் எடுத்தால் மூன்றாவது மணிக்குள் நினைப்பு வார்டுக்கு ஓடிவிடும். வேலையை விட்டுவிடுகிறேன் என்று மேட்ரனிடம் சொன்னேன். அவர் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "எங்கேயாவது போய் நாலு நாள் வாயை மூடிக்கொண்டு இரு. திங்கட்கிழமை வந்தால் வேலை. வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன்" என்றார்.

வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கென்றே ஓர் இடம் இருப்பதாகப் பங்குச் சாமியார் சொன்னார். கன்னியர் ஏழு பேர் நடத்தும் தியான இல்லம். பெண்கள் போய்த் தங்கலாம். எங்கே என்று கேட்டால், தாயில்பட்டிக்குப் பக்கம் என்கிறார்! என் வார்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கத்துப் பட்டாசு வெடிக் கம்பெனிகளின் ஆட்கள்தான். ஓய்வெடுக்க நல்ல இடமாகப் பார்த்துச் சொன்னார் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கிளம்பினேன்.

இனிப் போகிறவர்களுக்காக வழியைச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து விருதுநகருக்குக் காலை ரயில். அங்கே இறங்கி, சிவகாசி வழியாகப் போகும் தென்காசி வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். நான் ஒன்றரை மணி நேரம் மிளகாய் வற்றல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வெளியே வந்தால் சிவகாசிக்கு பஸ் இருக்கிறது, பதினாறு மைல்தான். சிவகாசியிலிருந்து தாயில்பட்டிக்கு இன்னொரு பஸ், நாற்பது நயா பைசா. கண்டக்டர் ஆளை ஆள்மேல் அடுக்குவார். அதற்கப்புறம் இரண்டு மைல் கரிசல் பாதை. மாட்டு வண்டிதான் கதி.

எனக்குக் கிடைத்த வண்டிக்காரர் பெயர் மாரிமுத்து. ஐம்பது வயது இருக்கும். வாய் ஓயாத மனிதர். நான் நர்ஸ் என்பதை முதல் கால் மைலிலேயே கறந்துவிட்டார். தன் மகள் பேச்சி அங்கே வெடிக் கம்பெனியில் திரி செருகுகிறாள், ஆவணியில் கல்யாணம் என்று அவராகவே சொன்னார்.

"தாயி, ஒண்ணு சொல்லிப்புடுறேன். மதரம்மா மடத்துல மணி அடிச்சா நான் வண்டிய நிப்பாட்டிருவேன். கோவிச்சுக்கிடாதீக."

"எந்த மணி? ஜெபத்துக்கு அடிப்பதா?"

"அது ஒண்ணொண்ணா நிதானமா அடிப்பாக. இது விடாம அடிப்பாக. எங்கிட்டாவது வெடிச்சிருச்சுன்னா அந்த மணிதான் எங்களுக்குத் தாக்கல், சேதி எல்லாம். கேட்டதும் அவனவன் போட்டது போட்டபடி ஓடுவோம். மக அங்கன இருக்காள்ல."

மடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அதன் தலைவி மதர் அதையே வேறு விதமாகச் சொன்னார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், மெலிந்த உடம்பு, பெரிய குரல். வெடிச் சத்தம் கேட்டால் வாசல் சிஸ்டர் மணியைப் பிடித்து இழுப்பார். மௌன நேரமானாலும், சாப்பாட்டு நேரமானாலும், அவரவர் இருந்த இடத்திலேயே சத்தம் வந்த திசையைப் பார்த்து முழந்தாளிட வேண்டும். என்ன ஆயிற்று என்று சேதி வரும்வரை எழுந்திருக்கக் கூடாது. "எங்களால் தீயை அணைக்க முடியாது. சாகிறவர்களுக்குத் துணையாக இருக்கிறோம், அவ்வளவுதான்" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. முழந்தாளிட்டுத் துணையிருப்பது சுலபம், கட்டு மாற்றிப் பார்க்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மற்றபடி அங்கே வாழ்க்கை எளிமையானது. விடியுமுன் சங்கீதம் பாடுவார்கள், பிறகு பூசை. காலையில் கேப்பைக் கூழ். சாப்பிடும்போது ஒரு சிஸ்டர் புனிதர் சரித்திரம் வாசிப்பார். உப்பு வேண்டுமென்றால் விரலைக் காட்டிக் கேட்க வேண்டும். பிறகு தோட்ட வேலை, தையல். பகல் முழுதும் கோயிலில், பீடத்தில் வைத்திருக்கும் நற்கருணை அப்பத்துக்கு முன்னால் யாராவது ஒருவர் இருந்துகொண்டே இருக்க வேண்டும். அடுத்தவர் வந்து தோளைத் தொட்டால்தான் எழுந்து போகலாம். விருந்தாளிகளுக்கும் ஒரு மணி நேரம் உண்டு. எனக்குப் பகல் பன்னிரண்டு. வெயில் கொதிக்கிற நேரத்தில் ஓட்டுக் கூரைக்குக் கீழே ஜெபமாவது ஒன்றாவது. நான் உட்கார்ந்தபடியே வெறுமனே அலுத்துப்போய்க் கிடந்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வெடிச் சத்தம் கேட்டது. மணி விடாமல் அடித்தது. நான் கிணற்றடியில் இருந்தேன். முழந்தாள் கரிசல் மண்ணில் சுட்டது. பிடித்திருந்த வாளி கிணற்றுக்குள் போய்விட்டது. வெளியே பாதையில் பெண்கள் அலறிக்கொண்டு ஓடும் சத்தம். அரை மணி நேரம் கழித்துத்தான் சேதி வந்தது: வெடிக் கம்பெனியில் ஒன்றும் இல்லை, பக்கத்துப் பருத்திக் காட்டில் கிணறு ஆழப்படுத்தப் பாறைக்குத் தோட்டா வைத்திருக்கிறார்கள்.

கிணற்றுக்காரர் பெருமாள்சாமி பின்னாலேயே வந்து நின்றார். பருத்தி விவசாயி. துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மதரம்மா, மரியாதையில்லாம பேசுறேன்னு நெனைக்காதீக. எங் கெணத்து வேட்டுக்கெல்லாம் நீங்க சாவு மணி அடிச்சா எப்புடி? அம்புட்டுப் பொம்பளைகளும் வேலைய விட்டுட்டு ஓடியாருதுக. கம்பெனிக்காரன் அரை நாக் கூலியப் பிடிச்சிக்கிடுறான். அதுக வந்து என்னைய வையுதுக. இன்னும் பத்து நாள்ல தண்ணி காங்கலைன்னா எம் பருத்தி போச்சு. நான் வேட்டு வைக்காம இருக்க முடியுமா?"

"சத்தத்தைக் கேட்டு எது உங்கள் வேட்டு என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மதர்.

பெருமாள்சாமி யோசித்தார். "சரி, இனிமே உச்சிப் பொழுதுல மட்டும் வைக்கச் சொல்லுதேன். ஆளுக கஞ்சி குடிக்க மேல ஏறுத நேரம். பன்னெண்டு மணிக்குக் கேட்டா அது நம்ம கெணறு. மணி அடிக்காதீக. மத்த நேரம்னா அடிச்சிக்கிடுங்க."

மதர் ஒத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே ஊரெல்லாம் அது தெரிந்துவிட்டது. எனக்கும் நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. என் பன்னிரண்டு மணிக்கு இனி யாரும் மணியைப் பிடித்து இழுக்கமாட்டார்கள்.

மூன்றாம் நாள் அப்படியேதான் நடந்தது. உச்சியில் ஒரு சத்தம், யாரும் அசையவில்லை. நான்காம் நாள், சனிக்கிழமை, அதே நேரத்தில் மறுபடி சத்தம். கொஞ்சம் பெரிதாகவே கேட்டது. உச்சி ஜெபத்துக்கு வந்து பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த சிஸ்டர் ஒரு கணம் தலையைத் தூக்கினார், பிறகு குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன். கிணறு என்று நினைத்ததும் உடம்பு இளகியது. மாதக்கணக்கில் வராத ஜெபம் அப்போது வந்தது. யார் முகமும் குறுக்கே வரவில்லை. அழுகை வந்தது, நல்ல அழுகை. கடவுள் என்னை விட்டுவிடவில்லை, ஞாயிற்றுக்கிழமை வண்டியேறி வேலைக்குப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது.

அடுத்தவர் வந்து தோளைத் தொடுவதற்குள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

மாரிமுத்துவின் வண்டி. அதில் மூன்று பேர் கிடந்தார்கள். இரண்டு பேரை எனக்குத் தெரியாது. மூன்றாவது பெண்ணின் கைகள் இரண்டும் முழங்கை வரை வெந்திருந்தன. அதுதான் பேச்சி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுடைய தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவர். வண்டியை வேறு யாரோ ஓட்டிவந்திருந்தார்கள்.

"நர்சம்மா இருக்காகன்னு இங்கன கொண்டாந்தேன்" என்றார். பிறகு மணிக் கயிற்றைப் பார்த்தார். "மணி அடிக்கலையே தாயி. சத்தம் கேட்டுச்சு. மணி அடிக்கலையேன்னு கெணறாத்தான் இருக்கும்னு உக்காந்து கஞ்சி குடிச்சேன். முழுசாக் குடிச்சேன் தாயி."

மதர் உள்ளே போனார். பீடத்துக்கு விரிக்க வைத்திருந்த சலவைத் துணி முழுவதையும் அள்ளிக்கொண்டு வந்தார். அவரும் நானும்தான் சுற்றினோம். அவர் ஒரு சுற்றைக்கூடத் தப்பாகப் போடவில்லை. முதல் நாள் அவரைப் பற்றி நினைத்தது எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கப்பட நேரமில்லை. சிவகாசிவரை அதே வண்டி, அங்கிருந்து ஒரு லாரியில் மதுரைக்கு. பேச்சி வழியெல்லாம் தன் அப்பாவைப் பற்றி ஒரே கேள்வியைக் கேட்டாள்: "அய்யா கஞ்சி குடிச்சாரா?" குடித்தார் என்றேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேனா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் சனிக்கிழமையே வார்டில்தான் நின்றுகொண்டிருந்தேன். என் பெட்டி ஒரு வாரம் கழித்து பஸ்ஸில் வந்தது. மற்ற இருவரில் ஒருவர் பிழைக்கவில்லை. பேச்சி மூன்று மாதம் எங்களிடம் இருந்தாள். விரல்கள் முழுசாக நீளாது. கல்யாணம் ஆவணியில் நடக்கவில்லை. தையில் நடந்தது, அதே மாப்பிள்ளை.

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஒரு வருஷத்தில் எனக்கு வாய்த்த ஒரே நல்ல ஜெபம், அவள் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் வாய்த்தது. மறுபடி அங்கே போனபோது இதை மதரிடம் சொன்னேன். ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "எனக்கும் அன்றைக்கு நல்ல ஜெபம்தான்" என்று சொல்லிவிட்டுத் தையலைப் பார்த்தார். அதற்கப்புறம் எங்கள் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது. வேலையை விடும் பேச்சையும் நான் எடுக்கவில்லை.

நான் மறுபடி போனது இந்த வருஷம் மே மாதம். போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கோடையில் போகாதீர்கள்; மார்கழி, தை நல்லது. போர்வை அங்கே தருவார்கள், சோப்பும் கொசுவலையும் நீங்களே கொண்டுபோக வேண்டும். தண்ணீருக்குக் கஷ்டமில்லை, பெருமாள்சாமி கிணற்றில் ஊற்று கண்டுவிட்டது, மடத்துக்கும் ஒரு வாய்க்கால் விட்டிருக்கிறார். இன்னும் ஆழப்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார். அவரே போய் மதரிடம், "எல்லாத்துக்கும் அடிங்க. எங் கெணத்துக்கும் அடிங்க. வையுறவுக என்னைய வஞ்சிட்டுப் போகட்டும்" என்று சொன்னாராம்.

தாயில்பட்டியில் இறங்கினால் மாரிமுத்து வண்டியைக் கேளுங்கள். எட்டணா வாங்குவார். இப்போது அதிகம் பேசுவதில்லை. பேச்சி கம்பெனிக்குப் போவதில்லை, கட்டிக்கொடுத்து ஆனைக்குட்டத்தில் இருக்கிறாள். ஆனாலும் மணி அடித்தால் அவர் வண்டியை நிறுத்துவார், இறங்கி நிற்பார். கிணற்று வேட்டுத்தானே என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். நீங்களும் இறங்கி நில்லுங்கள்.