ஏழாவது போத்தல்

மனைவியின் அம்மா திருகோணமலையில் காலமானபோது, மனைவிக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. விமானத்தில் ஏறவே கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். செத்தவீட்டையும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையையும் கனடாவில், அஜக்ஸில் எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்து போனில்தான் பார்த்தாள்.

அவளுடைய ஊர்க்காரர் அந்தியேட்டிக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போவார்கள். பக்கத்தில் பக்கத்தில் ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. அண்ணன்மாரும் மச்சாள்மாரும் ஏழிலும் அள்ளித் தலையில் ஊற்றித் தோய்ந்தார்கள். அத்தோடு அவர்களுக்குச் சாவுத் தீட்டான துடக்குக் கழிந்தது.

"எனக்கு மட்டும் கழியேல்லை" என்றாள், போனை வைத்துவிட்டு.

அன்றிலிருந்து அவள் சாமி அறைக்குள் போகவில்லை. விளக்கேற்றுவது என் வேலையாயிற்று. நான் யாழ்ப்பாணத்தான், எங்கள் ஆட்களுக்கு அந்தியேட்டி கீரிமலைக் கேணியில். அந்தத் திமிரில், "இஞ்சை ஷவரில தோஞ்சாலும் காணுமெண்டுதான் ஐயர் சொல்லுவார்" என்றேன்.

"ஷவருக்கு என்ர அம்மாவைத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

கோடையில் மகள்தான் கன்னியாவுக்குப் பதிலாக ஓர் ஊரைத் தேடிப் பிடித்தாள். எல்லை கடந்து, நியூயோர்க் மாநிலத்துக்குள் அரைநாள் ஓட்டம். சின்ன ஊர்தான். மூலைக்கு மூலை கனிமநீர் ஊற்றுகள், போதாததற்குத் தண்ணீரைப் பீறிட்டு எறிகிற ஒரு கீசரும் இருந்தது. நிலத்தைப் பிளந்துகொண்டு வருகிற தண்ணீர் சுடாமலா இருக்கும்? ஒருவரும் விசாரிக்கவில்லை. மனைவி வாளி, செம்பு, துவாய், மாற்றுச் சேலை எல்லாவற்றையும் காரில் ஏற்றினாள். நயாகராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாளியோடு அமெரிக்கா போன குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். இதைச் சொன்னபோது மகள் சிரித்தாள், மனைவி சிரிக்கவில்லை.

ஒரு பூங்காவின் ஓடைக்கு நடுவே, துரு நிறத்தில் ஒரு கல்மேடு. அதன் உச்சியிலிருந்து இரண்டாள் உயரத்துக்குத் தண்ணீர் சீறிக்கொண்டிருந்தது. ஆவியைக் காணவில்லை. காற்று திரும்பியபோது சாரல் எங்கள் மேல் விழுந்தது. மனைவி கன்னத்தைத் துடைத்துவிட்டு விரல்களைப் பார்த்தாள்.

"இது பச்சைத் தண்ணியெல்லோ."

மகள் ஓடிப்போய் அறிவிப்புப் பலகையை வாசித்தாள். "ஸொறி அம்மா. காஸ் பிரஷரிலதான் மேல வருதாம். ஹொட் இல்லையாம்."

மனைவி வாளியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து மரவாங்கில் இருந்தாள். "அம்மாவுக்குப் பச்சைத் தண்ணி ஒத்துவராது. சித்திரை வெயிலிலயும் சுடுதண்ணியிலதான் தோய்வா" என்றாள். பிறகு அழுதாள். புறப்பட முன்னமே ஒருமுறை விசாரித்திருக்கலாமே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

மகள் ஒரு காகிதக் கோப்பையில் வேறோர் ஊற்றின் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். "குடிச்சுப் பாருங்கோ. ஒவ்வொரு ஸ்பிரிங்கும் டிஃபரண்ட் டேஸ்டாம்."

மனைவி ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். பிறகு நிமிர்ந்தாள். "எத்தினை இருக்கு?"

"நிறைய."

"ஏழு கிடைச்சாக் காணும்."

மாலை வரை அந்த ஊரைச் சுற்றினோம். ஒன்று உப்புக் கரித்தது. ஒன்று ஆணியை நக்கினதுபோல இருந்தது. இன்னொன்றைக் கூழ்முட்டை மணத்தால் மகள் கிட்டவும் அண்டவில்லை. ஏழு ஊற்றுகள், ஏழு போத்தல்கள். எல்லையில் அதிகாரி பின்சீற்றைப் பார்த்து என்னவென்று கேட்டார். தண்ணீர் என்றேன். இன்னொரு முறை கேட்டார். அதே பதிலைத்தான் சொன்னேன். போகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் விடிய, ஒவ்வொரு போத்தலையும் தனித்தனிச் சட்டியில் ஊற்றிச் சூடாக்கினாள். முதலாவது வெதுவெதுப்பு, அடுத்தது அதைவிடக் கொஞ்சம் கூட, இப்படியே ஏழும். விரலை விட்டு விட்டுப் பார்த்து அடுப்பைக் குறைத்தாள். பழைய சேலையோடு குளியல்தொட்டிக்குள் இருந்தாள். நான் செம்பால் ஊற்றினேன். சோடாபோல நுரைத்தது அடங்கிப்போன தண்ணீர் முதுகில் வழிய, கண்ணை மூடிக்கொண்டு, "இனி மற்றக் கிணறு" என்று அவளே சொல்லிக்கொண்டு வந்தாள். நாலாவதில் தோள்கள் குலுங்கின. ஆறாவதில் சூடு தாங்காமல் "அம்மா" என்றாள்.

ஏழாவது சட்டியை எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உது இருக்கட்டும்."

"ஏன், சூடு கூடிப்போச்சோ?"

"இல்லை. உதையும் ஊத்தினா முடிஞ்சிடும்."

ஆறவிட்டு அவளே அதைப் போத்தலுக்குள் திரும்ப ஊற்றி, அடுப்புக்கு மேலே குசினி யன்னலில் வைத்தாள். இப்போது அடியில் துரு படிந்திருக்கிறது. தூசி துடைக்கும்போதுகூட அதை அசைக்க விடமாட்டாள்.

சாமி அறை விளக்கை இன்றைக்கும் நான்தான் ஏற்றினேன்.