வெட்டாமல் விட்ட ஸ்டாண்டு

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் என் ஹார்டுவேர் கடைக்கு நேர் எதிரே ஆசீர்வாதத்தின் ஒர்க்‌ஷாப். பதினெட்டு வருடமாக அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பைக்கைத் தாழ்த்துவதில் எண்ணூர் வரைக்கும் அவருக்குப் பெயர். முன்பக்க ஃபோர்க் பைப்பை கிளாம்பில் மேலே ஏற்றி, பின்பக்கம் குட்டை ஷாக் அப்சார்பரைப் போட்டால் வண்டி தரையோடு பதுங்கிவிடும். காலேஜ் பையன்கள் அதற்குத் தவம் கிடப்பார்கள். எனக்கு அந்தக் கூத்தே பிடிக்காது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டு போவதில் என்ன அழகோ!

ஆனால் அவர் வேலையில் ஒரு கண்டிப்பு உண்டு. வண்டியைத் தாழ்த்தினால் சைடு ஸ்டாண்டையும் அதே அளவுக்கு வெட்டி வெல்டு வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டாண்டு நீளமாகிப்போய், வண்டி சாயாமல் நெட்டுக்குத்தாக நிற்கும். லேசாகத் தட்டினாலும் மறுபக்கம் விழும். “ஸ்டாண்ட வெட்ட வாணாம்னா வண்டிய தள்ளிகினு போ நைனா” என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு வண்டிக்கு அதைச் செய்யவில்லை. அது அவர் தங்கை ஷைனியின் வண்டி.

ஷைனியின் கணவர் அலெக்ஸாண்டர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், ஆறடி ஆள். மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய உயரமான பைக் ஒரு வருடம் வீட்டு வாசலில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. ஷைனி ஐந்தடிகூட இல்லை. காசிமேட்டில் இறால் பேக்கிங் வேலைக்கு பஸ்ஸில் தொங்கிப் போய் அலுத்து, ஒருநாள் காலையில் அந்த வண்டியை உருட்டிக்கொண்டு அண்ணனிடம் வந்தாள். நான் அப்போது அங்கேதான் நின்றிருந்தேன்.

“கால் தரைல பட்டா போதும்ண்ணா, நானே ஓட்டிகினு பூடுவேன். ஆனா அவரு வண்டில எதையும் வெட்டாத. கழட்டுறதக்கூட எட்த்து வெய்யி.” சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

ஆசீர்வாதம் தலையாட்டினார். இரண்டு அங்குலம் தாழ்த்தினார். கழற்றிய ஷாக் அப்சார்பர்களை எண்ணெய் தடவி சாக்கில் கட்டி வைத்தார். ஸ்டாண்டைத் தொடவில்லை. வண்டி விறைத்துக்கொண்டு நிற்பதை நானும் பார்த்தேன், ஸ்டாண்டை ஏன் வெட்டவில்லை என்று கேட்டேன்.

“அழுவுறவகிட்ட இன்னா சொல்றது அண்ணாச்சி? அப்பால பாத்துக்கலாம்” என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

மூன்று மாதம் ஷைனி அந்த வண்டியில் பறந்தாள். கடையைத் தாண்டும்போது அண்ணனுக்கு ஹாரன் அடிப்பாள். ஆசீர்வாதம் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து பார்ப்பார். அந்த முகத்தில் அவ்வளவு பெருமை. ஸ்டாண்டு விஷயம் அந்தப் பெருமையில் அமுங்கிப்போனது.

பிறகு ஒருநாள் கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டாண்டு இல்லாத வலதுபக்கம் வந்து சாப்பாட்டுப் பையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பையை இழுத்த இழுப்பில் வண்டி அப்படியே அவள்மேல் சரிந்தது. கணுக்கால் நொறுங்கி, உள்ளே பிளேட் வைத்தார்கள். நாள் முழுக்க நின்று பார்க்கிற வேலையும் போனது. இனி பைக் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பத்து நிமிட வெல்டிங். ஆசீர்வாதம் அதை எத்தனை தடவை என்னிடம் சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்து ஸ்டாண்டை வெட்டிவிட்டார். அந்த வண்டியில் ஏற ஆள் இல்லை என்று தெரிந்தும் வெட்டினார்.

போன வாரம் ஷைனி ஊன்றுகோலோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். வண்டி அழகாகச் சாய்ந்து நிற்பதைப் பார்த்து, என்ன செய்தாய் என்று கேட்டாள். ஆசீர்வாதம் டிராயரிலிருந்து ஒரு இரும்புத் துண்டை எடுத்து நீட்டினார். கட்டைவிரல் நீளம்கூட இல்லை.

“இவ்ளோதானாண்ணா?”

“இவ்ளோதாம்மா. நீ வெட்ட வாணாம்னு சொன்னியேன்னு...”

ஷைனி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இப்டி ஒரு விசயம் கீதுன்னு நீ சொல்லவே இல்லியே. அன்னிக்கே வெட்டி இத என் கைல குட்த்திருந்தா, பத்திரமா வெச்சிகினு இருந்திருப்பேனே.”

ஆசீர்வாதம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நின்றார். அவள் அந்தத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு, நொண்டி நொண்டி ரோட்டுக்குப் போய் ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.