கல்லூரிக்குத் தட்டம் கொண்டுபோன மகேசன்

மகேசனுக்குக் கைவந்த தொழில் கலியாணம் பேசுவது. யாழ்ப்பாணத்தில் அவர் பேசி முடித்த சோடிகளை வைத்தே ஒரு தேரை இழுத்துவிடலாம். அப்பேர்ப்பட்ட மனுஷனை எண்பத்தொன்பதாம் ஆண்டில் கொண்டுவந்து நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இறக்கிவிட்டால் என்ன செய்வார், பாவம்? ரானுயி என்ற புறநகரில் வாடகை வீடு, பிளாஸ்டிக் வாளிகளுக்குக் கைப்பிடி மாட்டும் வேலை. அங்கே இருந்த கலியாண வயதுத் தமிழ்ப் பெடியன்கள் எல்லோரும் ஒரு வான் வண்டிக்குள் அடங்கிவிடுவார்கள். அதிலும் பாதிப்பேர் தங்கள் சோடியைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். என்ன அநியாயம்!

வாய் சும்மா கிடந்து ஊறிக்கொண்டிருந்த காலத்தில்தான், வாடகை மண்டபத்தில் நடந்த வெள்ளிக்கிழமைப் பூசையில், மகனை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று செல்வரத்தினம் வந்து புலம்பினார்.

"இதுக்கேன் தலையைப் பிய்க்கிறீர்? பொருத்தம் பார்ப்பம்," என்றார் மகேசன்.

பார்த்தார். பெடியன் சேர்ந்தான், பாஸும் பண்ணினான். பிறகென்ன? மேற்கு ஆக்லாந்தில் எந்தத் தமிழ்ப் பிள்ளையும் மகேசனைக் கேட்காமல் ஒரு கல்லூரி வாசலை மிதிக்கவில்லை.

அவர் வேலை சுத்தமாக இருக்கும், சும்மா சொல்லக்கூடாது. அடிக்கல்லைப் படித்துக் கல்லூரியின் பிறந்த தேதி எடுப்பார். எதிரே இருக்கும் டெய்ரி என்ற பெட்டிக்கடைக்குப் போய், "குடும்பம் எப்படி? பிள்ளைகள் கடன் சொல்லுவினமோ?" என்று விசாரிப்பார். வகுப்புக் கதிரைகளில் குந்திப் பார்ப்பார். எல்லாம் சரிவந்தால் கடைசியில் கல்லூரிக் கந்தோருக்கு, அதுதான் அலுவலகத்துக்கு, தட்டம் போகும். வாழைப்பழம், தேங்காய் இருக்கும்; வெற்றிலை கிடைக்காத ஊரில் அதற்குப் பதிலாக ஒரு கட்டு சில்வர்பீட் கீரை. அவர்கள் வாங்கினால் சம்மதம். திருப்பினால் இல்லை. எதிர்த்தட்டத்தில் வரும் இனிப்பைப் பிள்ளையின் தகப்பன் வாயில் போட்டால் அவர் பக்கமும் சம்மதம். கந்தோர்க்காரர் பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு மரியாதைக்கு ஒரு டொபியை நீட்டுவார்கள். தாங்கள் மாப்பிள்ளை வீட்டார் என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்?

"தட்டம் கை மாறினாப் பேச்சு முடிஞ்சுது. அதுக்குப் பிறகு மாறுறவன் மனுஷனில்லை." இதை அவர் ஒவ்வொரு வீட்டிலும், தன் வீட்டுக்கு வருகிறவர்களிடமும் சொல்லுவார்.

அவருக்கு ஒரேயொரு பயம் இருந்தது: ஸ்டூடன்ட் லோன். படிக்கத் தொடங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறுமாம். செவ்வாய் தோஷம் போல இது கடன் தோஷம் என்று அவர் ஒரு புதுச் சாத்திரமே எழுதிவிட்டார். செவ்வாய்க்குச் செவ்வாயைக் கட்டுவதுபோல லோனுக்கு லோனைத்தான் கட்டவேண்டும். கடனில்லாதவன் கடன்காரியை ஏன் கட்டுவான்? சீதனம் கொண்டுவர வேண்டிய பிள்ளை கடனைக் கொண்டுவந்தால் மாமி முகம் எப்படி இருக்கும்?

இப்படிச் சொல்லித் திரிந்தவருடைய வீட்டுக்கே அது வந்தது. தொண்ணூற்றேழு ஜனவரியில் மகள் சுகந்தினிக்கு இரண்டு இடங்களிலிருந்து சேர்க்கைக் கடிதம். ஒன்று நகரப் பல்கலைக்கழகம்: கட்டடக்கலை, ஐந்து வருஷம், முடிக்கும்போது முப்பதாயிரம் டொலர் லோன். மற்றது பக்கத்துப் பொலிடெக்னிக்: வரைபடம் கீறும் டிப்ளோமா, இரண்டு வருஷம், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம், லோன் கொஞ்சம்தான்.

சுகந்தினி பத்து வயதில் வந்தவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில். தனக்கு வீடுகளை யோசிக்கத்தான் விருப்பம், மற்றவன் யோசித்ததைக் கீறிக்கொடுக்க இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ரெண்டு இடத்திலையும் கோடுதானே கீறுறது? அந்தக் கோட்டுக்கு ஏன் முப்பதாயிரம்?" என்றார் மகேசன்.

"இஞ்சாருங்கோ, அவளின்ரை விருப்பத்தையும் கேளுங்கோவன்," என்றாள் மனைவி யோகராணி.

"கேட்டா விருப்பம் வட்டி கட்டுமோ?"

ஆனாலும் தொழில் தர்மம் விடுமா? முறைப்படி பொருத்தம் பார்த்தார். பொலிடெக்னிக் தொடங்கி ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளை பெண்ணைவிட இளையவர்! வேறு வீடென்றால் அந்த இடத்திலேயே எழும்பியிருப்பார்; இங்கே லோன் கொஞ்சம் என்று கண்ணை மூடிக்கொண்டார். பல்கலைக்கழகத்துக்கோ நூறு வயது தாண்டிவிட்டது. "கிழவன்," என்று ஒரே சொல்லில் தள்ளினார். அதன் எதிரே இருந்த டெய்ரிக்காரர், பிள்ளைகள் எல்லோரும் கடனில்தான் படிக்கிறார்கள், ஆனால் தன்னிடம் ரொக்கமாகத்தான் சாண்ட்விச் வாங்கித் தின்கிறார்கள் என்றார். மகேசனுக்குக் கடன் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது.

பிள்ளைகள் கல்லூரிகளில் சேர்கிற கிழமை வந்தது. யோகராணியின் கலியாணத்துக்கு வந்த வெள்ளித் தட்டத்தை மினுக்கி, பழம், தேங்காய், சில்வர்பீட் எல்லாம் அடுக்கி, தகப்பனும் மகளும் காரில் போனார்கள். முதலில் பொலிடெக்னிக். மகேசன் தட்டத்தை இரண்டு கையாலும் நீட்டினார். கந்தோரிலிருந்த இளம் பெடியன், சாப்பாட்டுச் சாமான் மேசையில் வைக்கக்கூடாது என்ற அறிவித்தலைக் காட்டி, சிரித்த முகத்தோடு ஒரு விரலால் தட்டத்தைத் திருப்பித் தள்ளிவிட்டான்.

மகேசனுக்கு முகம் கறுத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் கொண்டுபோன தட்டம் திரும்பியதேயில்லை.

"சின்னப் பெடியன், முறை தெரியாது," என்று காருக்குள் தனக்குத்தானே சொன்னார். "நாளைக்குப் பெரியாக்கள் இருக்கேக்கை திரும்ப வருவம். இப்ப மற்ற இடத்துக்கும் போய், வரமாட்டம் எண்டு மரியாதையாச் சொல்லிப்போட்டு வருவம்."

பல்கலைக்கழகத்தில் காரை விட்டு இறங்கியதும் சுகந்தினி தட்டத்தையும் தூக்கிக்கொண்டாள். வெயிலில் பழம் கனிந்துவிடும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நியாயம்தான் என்று நினைத்தார்.

கந்தோரில் அந்த நாட்டு ஆதிக்குடியான மாவோரி இனத்து நடுவயது அம்மா ஒருவர் இருந்தார். மகேசன் தொண்டையைச் செருமி, வந்த விஷயத்தைச் சொல்ல வாயெடுக்க முதல், சுகந்தினி முன்னால் போய், தலை குனிந்து, இரண்டு கையாலும் தட்டத்தை நீட்டினாள்.

அந்த அம்மா எழும்பி நின்றார். மேசையைச் சுற்றி வெளியே வந்து, தட்டத்தை இரண்டு கையாலும் வாங்கி, மாவோரியில் நீளமாக ஏதோ பேசினார். பேசி முடிந்ததும் உள்ளே இருந்த மூன்று பேரும் எழும்பி வந்து வரிசையாக நின்று ஒரு பாட்டுப் பாடினார்கள். அச்சுப் பொறி திருத்த வந்தவன்கூட ஸ்க்ரூ ட்ரைவரோடு சேர்ந்து நின்று பாடினான். பிறகு அந்த அம்மா தங்கள் வரவேற்பு முறைப்படி சுகந்தினியின் மூக்கோடு மூக்கை வைத்தார். அடுத்து மகேசனின் மூக்கோடும் வைத்தார். வாழ்க்கையில் எந்த மாப்பிள்ளை வீட்டிலும் அவருக்கு இப்படியொரு மரியாதை நடந்ததில்லை. வரமாட்டோம் என்று சொல்ல வந்த வாயால் "தேங்க் யூ, தேங்க் யூ" என்றுவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன பிள்ளை செய்தனி? தட்டமெல்லோ குடுத்திட்டாய்! உனக்கு அதின்ரை அர்த்தம் தெரியுமோ?"

சுகந்தினி நின்றாள். எட்டு வருஷமாகத் தகப்பனோடு தமிழில் ஒரு வசனம் முழுதாகக் கதையாதவள், சொல்லுக்குச் சொல் அவர் குரலிலேயே சொன்னாள்:

"தட்டம் கை மாறினாப் பேச்சு முடிஞ்சுது அப்பா. அதுக்குப் பிறகு மாறுறவன் மனுஷனில்லை."

மகேசன் படியில் குந்திவிட்டார். இத்தனை வருஷம் தன் வீட்டு முன்ஹோலில் அவர் கதைத்ததெல்லாம் அறைக்குள் ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"முப்பதாயிரம் பிள்ளை," என்றார். "எனக்குப் பயமாக் கிடக்கு. என்னாலை ஒரு சதம் தர ஏலாது."

"எனக்கும் பயம்தான்," என்று சொல்லி அவளும் பக்கத்தில் இருந்தாள். "ஆனா எனக்கு இதுதான் வேணும் அப்பா."

அப்போது பின்னால் கதவு திறந்தது. அந்த மாவோரி அம்மா தட்டத்தோடு வந்தார். நல்ல வெள்ளித் தட்டம், வெறுமையாகத் திருப்பித் தர மனம் வரவில்லை என்றார். தட்டத்தில் ஒரு பக்கம் இஞ்சிப் பிஸ்கட் அடுக்கியிருந்தது. மறுபக்கம், பிள்ளைக்குத் தேவைப்படும் என்று, லோன் விண்ணப்பம்.

எதிர்த்தட்டம்! மகேசன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவர் கையைத்தான் பார்த்தாள்.

"முப்பதாயிரம் லோனோடை ஒருத்தனைத் தேட வேணும்," என்று முணுமுணுத்தார்.

"அவசரமில்லை அப்பா."

மகேசன் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டார். கல்லுப்போல இருந்தது. கண்ணால் தண்ணீர் ஓட, கடைவாய்ப் பல்லுக்குக் கொடுத்து, அதை முழுக்கக் கடித்துத் தின்று முடித்தார்.