அம்மாவின் இத்தாவும் அந்த ஊர் விசாவும்

"துஆ கேட்டா விசா தேதி தள்ளிப் போயிடுமா? அந்த ஊரு சட்டத்துக்கு இத்தா தெரியுமா?"

எங்கள் மன்னார்குடி வீட்டுக் கூடத்தில், கையேந்திப் பிரார்த்தித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து என் தாய்மாமா இப்படிக் கேட்டார். என் தகப்பனார், அத்தா, மலேசியாவில் மௌத்தாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அங்கே ஈப்போ நகரில் அண்ணன் வீட்டில் அம்மா வெள்ளைச் சேலையோடு இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டிலேயே இருக்க வேண்டிய அந்தக் காலம் முடிவதற்கு முன்பே அவருடைய விசா முடிய இருந்தது.

மாமாவின் கேள்விக்குப் பதிலை அல்லாஹ் கொடுத்தான். என்னைப் போல் தவிக்கிற ஒரு சகோதரிக்காவது உதவும் என்றுதான் அதை எழுதுகிறேன்.

அத்தா கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். கையெழுத்து மட்டும் போடுவார். அண்ணன் சின்ன வயதிலேயே மலேசியாவுக்கு ஹோட்டல் வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணம் செய்து குடியுரிமையும் வாங்கிவிட்டார். எங்கள் குடும்பத்தில் முழுசாகப் படித்த முதல் ஆள் நான்தான். தஞ்சாவூரில் பட்டம் வாங்கி, வலங்கைமானில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

முட்டிவலியால் அத்தா கடையில் உட்கார முடியாமல் போனபோது அண்ணன் கூப்பிட்டார். "ஒழைச்சது போதும்த்தா. ரெண்டு பேரும் இங்கயே வந்து ஓய்வா இருங்க." விசிட் விசாவில் வந்துவிட்டால், பிறகு நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்றார். அத்தா கடையை விட்டுக்கொடுத்தார்.

ஏற்பாடெல்லாம் நான்தான் பார்த்தேன். அத்தாவின் சர்க்கரை மாத்திரை அங்கே என்ன பெயரில் கிடைக்கும், இந்த வயதில் இன்சூரன்ஸ் கொடுப்பார்களா, இங்கே பேங்க் வேலையை யார் பார்ப்பது என்று அண்ணனை விடாமல் கேட்டேன். ஒன்றை மட்டும் கேட்க விடவில்லை.

"அங்க வெச்சு யாருக்காச்சும் ஒண்ணு ஆயிட்டா..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் வாயைப் பொத்தினார். "பயணம் கெளம்புற வீட்டுல மௌத்துப் பேச்சு பேசுவியா?"

அத்தா சிரித்தார். "அவ டீச்சரு. உயிரெடுக்க வர்ற மலக்குகிட்டயே ஹால் டிக்கெட் கேப்பா."

பயண நேரத்தில் மௌத்தைப் பற்றிப் பேசாதது எங்கள் பக்கத்து வழக்கம். வழியனுப்ப வந்த தெருவே ஊறுகாயைப் பற்றியும் கருவாட்டைப் பற்றியும்தான் பேசியது.

இங்கே சம்பா கதிர் பால்பிடிக்கிற சமயத்தில் அந்தப் போன் வந்தது. மதியம் ளுஹர் தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போன அத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நேரமெல்லாம் நான் நெற்றி தரையில் பட ஸுஜூதில் கிடந்தேன். அத்தாவைத் திருப்பிக் கொடு என்று கேட்டேன். கொடுக்கப்படவில்லை. இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை.

உடலை ஊருக்குக் கொண்டுவர நாளாகும் என்றார்கள். அங்கேயே அடக்கினார்கள். நம் பள்ளிவாசல் மையவாடியில் தன் தாயாருக்குப் பக்கத்தில் இடமிருக்கிறது என்று அடிக்கடி சொன்னவர் அவர். எங்கோ சிவப்பு மண் விழுவதை நான் போன் திரையில் பார்த்தேன்.

பிறகு விசா. "ஏற்கெனவே ஒரு தடவை நீட்டியாச்சு. மறுபடி கிடைக்காது. கேட்டுப் பார்க்கணும்னாலும் அம்மாவே நேர்ல வரணும்" என்று ஏஜெண்ட் அண்ணனிடம் சொல்லிவிட்டார். அம்மா அசையவில்லை. "அவரு மௌத்தான வீடு இது. இத்தா முடியாம வாசப்படி தாண்ட மாட்டேன். வேணும்னா என்னையும் இங்கயே பொதைச்சிடுங்க." விசா இல்லாமல் தங்கினால் பிடித்து அடைப்பார்கள், அண்ணனுக்கும் வம்பு. ஊருக்கு ஏற்றி அனுப்பச் சொன்னார் மாமா. அம்மா சோற்றுத் தட்டைத் தள்ளத் தொடங்கினார். போனில் என்னோடும் பேசவில்லை.

தினமும் வலங்கைமான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, புர்காவுக்குள் கையேந்துவேன். வெளியே வயலெல்லாம் அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். "யா அல்லாஹ், நான் படித்தது இவ்வளவுதான். இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. என் அம்மாவைக் கேவலப்படாமல் கொண்டு வந்து சேர்." மாமாவின் கேள்வி மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அண்ணன் போகும் பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத், அண்ணனின் முகவாட்டத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டிருக்கிறார். மறுநாளே தன் மனைவியை அனுப்பினார். தமிழ் பேசும் அந்த அம்மா என் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாராம்: "அவசியம்னா பகல்ல போயிட்டு, பொழுது சாயறதுக்குள்ள வீடு திரும்பலாம். மார்க்கமே தொறந்து வெச்சிருக்கிற கதவை நீங்க ஏம்மா பூட்டிக்கிறீங்க?"

"நீங்களும் கூட வருவீங்களா?" என்று அம்மா கேட்டார்.

ஹஜ்ரத்தின் மனைவியும் கூடப் போனார். விசா அலுவலகத்தில் இருந்தது ஒரு மலாய்ப் பெண் அதிகாரி. அண்ணன் பேச ஆரம்பிக்கும் முன்பே அவர் அம்மாவின் வெள்ளைச் சேலையையும் வளையலில்லாத கைகளையும் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு மலாய் தெரியாது.

"இத்தா?" என்று கேட்டார்.

அம்மா தலையாட்டினார். அதிகாரி எழுந்து உள்ளே போனார். திரும்பி வர நேரமானது. மறுத்துவிட்டார்கள் என்றே அண்ணன் நினைத்தார். வந்தவர், இத்தா முடிந்து ஊர் திரும்பும்வரை தங்க அனுமதி கொடுத்தார். பொழுது சாயும் முன் அம்மா தன் அறைக்குத் திரும்பிவிட்டார்.

அண்ணனின் போன் வந்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். அழுகையை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "யாரும்மா போயிட்டாங்க?"

"யாரும் போகலீங்க. எங்கம்மா வர்றாங்க" என்றேன்.

அன்று மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப, அந்த ஊரு சட்டத்துக்கு இத்தா தெரிஞ்சிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறார். முன்புபோல் சிரிப்பதில்லை. "அங்க அவரு கபருக்கு யாரு போய் ஸலாம் சொல்லுவா?" என்று சோறு பிசைந்துகொண்டே கேட்பார். அண்ணன் வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறார். ஆனாலும் அம்மா கேட்பார்.

என் முயற்சி எல்லாம் தோற்ற பிறகுதான் அல்லாஹ்விடம் போவது என்று இருந்தவள் நான். இப்போது முதலில் அவனிடம் கேட்டுவிட்டுத்தான் போனையே எடுக்கிறேன். சகோதரிகளே, கடைசிக் காலத்தைப் பிள்ளைகளோடு வெளிநாட்டில் கழிக்கப் போகிறவர்கள் பயப்பட வேண்டாம். ஆனால் பேசிவிட்டுப் போங்கள். எங்கே அடக்குவது, மிஞ்சுகிறவர் எந்த நாட்டில் எந்த விசாவில் இத்தா இருப்பது என்று பெட்டி கட்டும் முன்பே பேசுங்கள். பேசுவதால் மௌத்து சீக்கிரம் வந்துவிடாது. பேசி முடித்ததை அவனிடம் ஒப்படையுங்கள். நம்மால் முடியாத இடத்தில் அவன் ஆளை நிறுத்தி வைத்திருப்பான்.

அடுத்த தெரு ஜமீலா மாமியும் அவர் கணவரும் ஆஸ்திரேலியாவில் மகனோடு தங்கிவிடக் கிளம்புகிறார்கள். போன வெள்ளிக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு அங்கே போனேன். கூடம் முழுக்கப் பெட்டிகள். அன்று பாதியில் நின்ற கேள்வியை இந்தத் தடவை முழுசாகக் கேட்டேன்.

மாமியின் முகம் சுருங்கியது. "போற நேரத்துல நல்ல வார்த்தையே வராதா ஒனக்கு?"

"கேக்கட்டும், ஜமீலா" என்றார் அம்மா. "அன்னிக்கு நாந்தான் இவ வாயைப் பொத்தினேன்."

மாமி கையிலிருந்த சேலையைப் பெட்டிமேல் வைத்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வந்து உக்காருங்க."