மாவு மில்லுக்காக மாற்றிய பட்டைகள்

2008 மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குத் தஞ்சாவூரில் பஸ் ஏறினேன். திருச்சியில் ஒரு வண்டி, கரூரில் ஒரு வண்டி மாறி, காங்கேயத்தில் மூன்று ரூபாய்க்கு ஆறிப்போன டீயும் குடித்துத் திருப்பூரில் இறங்கும்போது மணி பன்னிரண்டே கால். வெயில் மண்டையைப் பிளந்தது. சின்னுசாமி ஜீப்போடு காத்திருந்தார். திருச்சிக் கல்லூரியில் என்னோடு படித்தவர்; குன்னத்தூர்ப் பக்கம் தோட்டம், பல்லடம் ரோட்டில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. "வாங்க அம்மணி, பிரயாணமெல்லாம் சவுரியமுங்களா?" என்றார். முப்பது வருஷப் பழக்கம், இன்னும் எனக்கு 'ங்க' போடுவதை விடவில்லை மனிதர்.

நான் வந்தது மலையேற. உடுமலைக்கு மேலே, அடிவாரத்திலிருந்து பதினொரு கிலோமீட்டர் கல்லுப்பாதையில் இருபத்தெட்டு வீடுகள் கொண்ட ஓர் ஊர் இருக்கிறது. கரண்டு கிடையாது. ராகியை அரைக்க வேண்டுமென்றால் தலையில் சுமந்து கீழே இறங்கி, மாவோடு மறுபடி ஏற வேண்டும். அங்கே ரஞ்சிதம் என்று ஒரு பெண். சிறுவயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பியவள். மலையை விட்டு இறங்கியதே இல்லை. அவள் ராகியை யாராவது சுமந்து போய் அரைத்து வந்தால், மாவில் நாலில் ஒரு பங்கு சுமந்தவருக்கு. ஆண்டுதோறும் அங்குள்ள கோயிலுக்குப் போகும் சின்னுசாமியிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: டீசலில் ஓடும் மாவு மில் ஒன்று மேலே வந்தால் நான் ஓட்டிக்கொள்வேன் என்று. அவரும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

போன வருஷம் மே மாதமே மில்லை ஜீப்பில் ஏற்றிப் போயிருக்கிறார். நாலாவது கிலோமீட்டரில் பின்பக்க ஸ்பிரிங் பட்டை முறிந்து திரும்பி வந்தாயிற்று. ஜூனில் மழை இறங்கினால் தீபாவளி கழியும்வரை அந்தப் பாதையில் வண்டி ஏறாது. இந்த முறை வனத்துறை அனுமதி சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கு மட்டும். "இந்த வாட்டியும் திரும்பி வந்தா அந்தப் புள்ள மூஞ்சில முழிக்க முடியாதுங்க," என்றார் சின்னுசாமி.

பகல் ஒன்றரைக்குப் பல்லடம் ரோட்டில் ஞானதுரையின் பட்டறை. நாசரேத் பக்கத்துக்காரர், லாரிகளுக்குப் பட்டை கட்ட வந்து இருபது வருஷமாக இங்கேயே இருப்பவர். பட்டை என்பது வண்டிக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வளைந்த எஃகுத் தகடுகள். பாரமெல்லாம் அதன் தலையில்தான். போன வருஷம் முறிந்ததற்கு வழியில் யாரோ ஒரு புதுத் தகட்டைச் செருகி அனுப்பியிருக்கிறார்கள். மற்றவையெல்லாம் வளைவு போய்த் தட்டையாகக் கிடந்தன. கழற்றி எறிந்துவிட்டுப் புதுசை மாட்டினால் கிளம்பலாமே என்று எனக்கு ஒரே அவசரம். மனிதரோ பழைய பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் பரப்பி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஜாதகம் பார்ப்பதுபோலப் பார்க்க ஆரம்பித்தார். இது தேறாது என்று எரிச்சலோடு மனசுக்குள் முணுமுணுத்தேன்.

வழக்கமாக எவ்வளவு பாரம் ஏற்றுவீர்கள் என்று கேட்டார். முந்நூறு கிலோவுக்கு மேல் ஒருநாளும் ஏற்றியதில்லை என்று சின்னுசாமி அடித்துச் சொன்னார். துணி விஷயத்தில் கிராம் கணக்குப் பார்க்கிற ஆள். ஒவ்வொரு நடைக்கும் பில் இருக்கிறது என்றார். ஞானதுரை இல்லையென்று தலையை ஆட்டினார். கீழ்த்தகட்டின் நுனி மேல்தகட்டில் பதித்திருந்த பள்ளத்தை விரலால் தடவிக் காட்டினார். பிறகு இரண்டு தகடுகளின் உட்பக்கத்தைக் கந்தலால் துடைத்து வெயிலில் பிடித்தார். துருவுக்கு நடுவே நீலம். அதன்மேல் படலமாகச் சிவப்பு. ஓரத்தில் கொஞ்சம் பச்சைகூட.

"மொதலாளி, நீங்க துணி ஏத்தல. தண்ணி ஏத்தியிருக்கிய. இது ஐநூறு கிலோ சுமந்த பட்டையாக்கும்," என்றார் ஞானதுரை.

சின்னுசாமிக்கு முகம் மாறிவிட்டது. போன வருஷத் தொடக்கத்திலிருந்தே கரண்டு வெட்டால் சாயப்பட்டறையில் உலர்த்தும் இயந்திரம் பாதி நாள் ஓடுவதில்லை. சாயத்தண்ணீர் சொட்டும் ஈரத்துணியை அப்படியே ஜீப்பில் அள்ளிப்போட்டு, தன் தோட்டத்தில் கயிறு கட்டிக் காயவைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பில்லிலோ காய்ந்த துணியின் எடைதான் இருக்கும். இந்த ஊரில் துணி என்றாலே காய்ந்த எடைதான். ஈரத்தை ஒருவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பில்லை நம்பிய மனிதர் வண்டியைப் பார்க்கவில்லை. "அட, நாந்தேன் முறிச்சிருக்கேனுங்க," என்று மெல்லச் சொன்னார். பாதையையும் பட்டையையும் ஒரு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

எனக்கோ புல்லரித்துவிட்டது. பேசாத இரும்பு, அதைப் பேசவைத்துவிட்டாரே இந்த மனிதர்! எரிச்சலெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை நான் பார்த்ததைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். புதுத் தகடுகளை நெருப்பில்லாமல், பச்சையாகவே, சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றினார். ஓர் அடி, ஒரு தடவல், இன்னோர் அடி. அடுக்கிக் கட்டியபோது ஏழு தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் நுழைய இடமில்லை. முழுக்கக் கெட்டியாகக் கட்டினால் இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வரும்போது சரிவில் தூக்கிப் போட்டுவிடும் என்றார். அதனால் அடுக்குக்கு மேலே இடைவெளி விட்டு, ஒவ்வொரு பக்கமும் ஒரு துணைப் பட்டை. பாரம் அழுத்தி அடுக்கு நிமிர்ந்தால் மட்டும் அது தோள் கொடுக்கும். முந்நூற்றுப் பத்து கிலோ மில்லையும் டீசல் கேனையும் அங்கேயே ஏற்றி, எங்கள் இருவரையும் முன்னால் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் சாண் போட்டு அளந்த பிறகே போல்ட்டுகளை இறுதியாக முறுக்கினார்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். பல்லடம், குடிமங்கலம் வழியாக உடுமலை. வழிநெடுகக் காற்றாலைகள். எட்டு மணிக்கு வனத்துறைக் கேட்டைத் தாண்டியதும் தார் முடிந்துவிட்டது. பிறகு அதைப் பாதை என்று சொல்ல எனக்கு வாய் வராது. யானைத் தலை அளவுக் கற்கள், அவற்றுக்கிடையே ஓடை அரித்த பள்ளம். எங்கள் ஊரில் மேடு என்றால் வாய்க்கால் கரைதான். கைப்பிடியைப் பிடித்த பிடியில் விரல்கள் மரத்துப்போயின.

நாலாவது கிலோமீட்டரில், போன வருஷம் முறிந்த அதே பாறைத்திட்டில், சின்னுசாமி வண்டியை நிறுத்தி என்னை இறங்கச் சொன்னார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் எட்டத்தில் நடந்தேன். வலது சக்கரம் பாறைமேல் ஏறியது. பட்டை நிமிர்ந்து, நிமிர்ந்து, நேர்க்கோடாகவே ஆகிவிட்டது. 'டக்' என்று ஒரு சத்தம். முறிந்தது என்றே நினைத்தேன். இல்லை, துணைப் பட்டை பாரத்தை வாங்கிக்கொண்டது. வண்டி அந்தப் பக்கம் இறங்க, பட்டை பழையபடி வளைந்துகொண்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. ஒரு ஜீப்பின் அடிவயிற்றைப் பார்த்து அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பத்தே முக்காலுக்கு ஊர் வந்தது. எட்டுப் பேர் மில்லை இறக்க, மதியம் இரண்டு மணிக்குள் மேடை கட்டிப் பூட்டியாயிற்று. ரஞ்சிதம் கோலை ஊன்றி வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். சின்னுசாமி இன்ஜினைச் சுழற்றிக் கொடுக்க, மலை முழுக்க அதன் சத்தம் எதிரொலித்தது. தன் ராகியைத் தானே கொட்டினாள். கீழே மாவு கொட்டத் தொடங்கியதும் குனிந்து உள்ளங்கையை நீட்டியவள், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"சுடுதுங்க," என்றாள். இன்னொரு பிடி அள்ளிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "மாவு சூடாத்தான் வருமுங்களா? கீழ போய்ட்டு வந்தவங்க ஒருத்தருமே இதைச் சொல்லலீங்களே."

சுற்றி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வருஷக்கணக்காகச் சுமந்தவர்கள்; சொல்ல வேண்டிய சேதி என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிறு மதியம் வெறும் வண்டியாகக் குலுங்காமல் இறங்கினோம். தஞ்சாவூரில் எங்கள் தெருமுனையிலேயே மில். நாற்பது வருஷமாக அரைத்த மாவின் அந்தச் சூட்டை இடுப்பில் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு நடக்கிறேன். இதுவரை நானும் யாரிடமும் சொன்னதில்லை.