மூன்றாவது பொத்தான்

போன புதன்கிழமை, ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மணி வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். எழுந்தார்... மறுபடி உட்கார்ந்தார். கடைசியில், "சார், ஞாயித்துக்கிழமை ஒரு நாள் உங்க கோட்டு கிடைக்குமா?" என்றார்.

"என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லை சார்... சும்மா."

சும்மா யாராவது கோட்டுப் போடுவார்களா — அதுவும் திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில்? எனக்குப் பழைய லாட்ஜ் ஞாபகம் வந்துவிட்டது.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்த வருஷம். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருந்தேன். லாட்ஜ் என்று போர்டு மட்டும் சொல்லும். ஓடு ஒழுகும். மாடிப்படியில் ஏழாவது படியே கிடையாது. பழகியவன் தாண்டுவான், புதியவன் விழுவான். மாடி அறையில் மூன்று பேர். செக்ரட்டேரியட் குமாஸ்தா வெங்கு, ஆறடி. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் சாமா, ஐந்தடிக்கும் கீழே. நடுவாந்தரமாக நான், பாங்கி குமாஸ்தா.

மூன்று பேருமே அழுத்தக்காரர்கள். கடிதம் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று படிப்போம். படித்ததும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய் என்று கேட்டால் வெங்குவும் சரி, சாமாவும் சரி — "மியூசியம்." அத்தனை தடவை பார்க்க அங்கே என்னதான் இருக்கிறது?

எனக்கு இருந்த ஒரே நல்ல துணி ஒரு சாம்பல் நிறக் கோட்டு. அதில் மூன்றாவது பொத்தான் தொலைந்துபோய், ஒரு பழுப்புப் பொத்தானைத் தைத்திருந்தேன். ஞாயிறுதோறும் எனக்குக் கரமனையில் அக்கா வீட்டுச் சாப்பாடு. கோட்டு அறையில் ஆணியில் தொங்கும்.

ஒரு திங்கட்கிழமை கோட்டுப் பைக்குள் கை விட்டேன். சீவல்! நான் வெற்றிலையே போடுவதில்லை. இரண்டு வாரம் கழித்து, ஆணியிலிருந்து பைக்குள் எறும்பு வரிசை. உள்ளே ஒரு விள்ளல் கேசரி.

யாரோ என் கோட்டைப் போட்டுக்கொண்டு எங்கேயோ போய் எதையோ செய்கிறான். நாளைக்குப் போலீஸ் வந்தால் மாட்டிக்கொள்வது யார்? வெங்குவையும் சாமாவையும் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர்களும் என்னை ஓரக்கண்ணால்தான் பார்த்தார்கள்!

லாட்ஜ் சொந்தக்காரர் நாஞ்சில் நாட்டுக்காரர். அவரிடம் முறையிட்டேன்.

"நம்ம லாட்ஜிலே கள்ளனா? கோட்டு அங்கனயே தொங்குதுல்லா? கொண்டுபோயிட்டுத் திருப்பி வைக்கவன் என்ன எளவு கள்ளன் சாமி?"

நியாயம்தான். எனக்கும் துப்புத் துலக்க நேரமில்லை. ஏனென்றால் என்னிடமும் ஒரு ரகசியம் இருந்தது. அடுத்த ஞாயிறு வலியசாலையில் பெண் பார்க்கப் போகிறேன். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இனிமேல் அலையத் தெம்பில்லை என்று அம்மா எழுதியிருந்தாள். கண் பட்டுவிடும், மூச்சு விடாதே என்றும் எழுதியிருந்தாள். கோட்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அக்காவும் அத்திம்பேரும் கூட வந்தார்கள். பெண் வீட்டில் கேசரி வந்தது... எங்கேயோ பார்த்த கேசரி! யோசிப்பதற்குள் பெண் வந்தாள். நமஸ்காரம் பண்ணினாள். நிமிர்ந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டையே பார்த்தாள்.

"அப்பா, இந்தக் கோட்டு நம்மாத்துக்கு மூணாவது வாட்டி வரது."

அத்திம்பேர் கையிலிருந்த பஜ்ஜி பாதி வழியில் நின்றது.

"என்னடி உளர்றே?"

"மூணாவது பொத்தானைப் பாருங்கோ. பழுப்பு."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓய், இரவல் கோட்டா?"

"சத்தியமா என்னோடது மாமா!" என்றேன். யார் நம்புவார்கள்? இரவல் கோட்டுக்காரனும் அதைத்தானே சொல்லுவான்! போயிற்று, இந்த இடமும் போயிற்று.

பெண்தான் காப்பாற்றினாள். "இவரோடதுதான்ப்பா. முதல்ல வந்தவருக்குக் கை முழங்கையோட நின்னுடுத்து. அடுத்தவருக்கு விரலே வெளியிலே தெரியலே. இவருக்குத்தான் அளவா இருக்கு."

சாயங்காலம் வெங்குவும் சாமாவும் ஒப்புக்கொண்டார்கள். ஒரே தரகர், ஒரே பெண், அவரவர் அம்மாவிடமிருந்து ஒரே எச்சரிக்கை. நம்மவர்கள் வியாதியைக்கூட ஊரெல்லாம் சொல்லுவார்கள். கல்யாணப் பேச்சை மட்டும் கொலைக்குற்றம் மாதிரி ஒளிப்பார்கள்.

"அவாகிட்ட என்னடா சொல்லிட்டு வந்தேள்?"

"ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்னோம்."

"போட்டேளா?"

வெங்கு மோட்டுவளையைப் பார்த்தான். சாமா தரையைப் பார்த்தான்.

எனக்குச் சுருக்கென்றது. நான் ஒரு கோட்டுக்காகப் பதறிக்கொண்டிருந்த அத்தனை நாளும், அங்கே ஒருத்தி தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அன்றைக்கே, அம்மாவைக்கூடக் கேட்காமல், சம்மதம் என்று கார்டு எழுதிப் போட்டேன். பதில் வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் நான் தபால்காரனைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அந்தத் தாமதம் அவள் யோசனைதான் என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதை முழுக்கச் சொன்னதும், "கரமனையிலே ஒரு இடம் சார்..." என்று மணி உண்மையைக் கக்கிவிட்டார். உள்ளேயிருந்து என் மனைவி — அந்த வலியசாலைப் பெண்ணேதான் — கோட்டோடு வந்தாள்.

"எடுத்துண்டு போங்கோ. ஆனா கோட்டு இங்கே திரும்பி வரத்துக்குள்ளே அவாத்துக்குப் பதில் போயிருக்கணும். ஆமாம்னாலும் சரி, இல்லேன்னாலும் சரி."

மணி தலையாட்டினார். கோட்டைப் புரட்டிப் பார்த்தார். "மாமி... இந்தப் பழுப்புப் பொத்தானை மட்டும் மாத்திக்கட்டுமா?"

"தொடப்படாது! அந்தப் பொண்ணுக்கும் ஒரு அடையாளம் வேண்டாமா?"